வராதவனின் சீட்டு

பழவேற்காடு ஏரிக்கரையில் மீன் விற்கும் தேசம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆர்க்டிக் பனியில் நடந்தே அலைந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் வாழ்க்கையைப் படிக்கிறேன். "இன்னா கதை சார்?" என்கிறாள்.

காணாமல் போன கப்பலின் ஆட்கள் செத்துவிட்டார்கள் என்று அங்கே வாழும் மக்களிடம் கேட்டு வந்து அவர்தான் சொன்னார், ஊரே அவரைத் திட்டியது என்கிறேன். கேப்டனின் மனைவி நம்பாமல் இன்னொரு கப்பலை அனுப்பித் தேடினாள். "வீண் பிடிவாதம்" என்கிறேன்.

"சேதி சொல்றவனுக்கு இன்னா சார், சொல்ட்டுப் போயிடுவான். வூட்ல இருக்கறவதானே நம்பணும்."

போன புயலில் கடலுக்குப் போன அவள் கணவன் ஏழுமலை திரும்பவில்லை. உடைந்த படகைப் பார்த்ததாக ஆந்திராக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் காரியம் செய்யவில்லை. தலையில் மல்லிகை இருக்கிறது. பேசும்போதும் முகத்துவாரத்தில் நுழையும் ஒவ்வொரு படகையும் பார்க்கிறாள். அப்படிச் சொன்ன என் வாயைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

வேப்பமரத்தடியில், ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஆண்கள் சீட்டுப் போடுகிறார்கள். செத்தவனுக்குச் சீட்டு கிடையாது.

"ஏழுமலை" என்று கூப்பிடுகிறார் தலைவர்.

"கடலுக்குப் போயிருக்காரு" என்று இங்கிருந்தே கத்துகிறாள் தேசம்மா.

யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலைவர் ஏழுமலைக்கும் ஒரு சீட்டை எடுத்து வைக்கிறார்.