ரேடியல் டயரின் தொப்பை

லாரி டயருக்குக் காற்றடிப்பதைக் கண்டால் இன்றைக்கும் நான் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். என் பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்கட்டும். அவர்கள் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போவேன்.

ராணுவத்தில் கழித்துவிட்ட பழைய லாரி ஒன்றை அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஏலத்தில் எடுத்திருந்தார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. தொட்டியம் பக்கம் படுகை சேறாகிவிட்டால் வேறெந்த லாரியும் தோப்புக்குள் இறங்காது. எங்கள் வண்டி இறங்கி வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு வரும். ஓட்டுவது சித்தப்பா. ஸ்ரீரங்கத்தில் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இரண்டு குடும்பமும் சாப்பிட்டது அந்த வண்டியால்தான்.

டயர்கள் பாளம் பாளமாக வெடித்துப்போயின. அந்தப் பழைய அளவில் நைலான் டயர் திருச்சி முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் துவாக்குடியில் யாரோ கழற்றிப்போட்ட ரேடியல் டயர்கள் அமைந்தன. ராணுவத்துச் சக்கரத்தில் உட்காரும் என்றுதான் டயர் கடைக்காரர் சொன்னார். ஆனால் டயரைப் பிடித்து நிறுத்துகிற இரும்பு வளையத்தில் துருவைப் பார்த்ததும் தானே காற்றடித்துக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. "அளவுக்கு மேல ஒரு பொட்டு காத்து ஏத்திடாதீங்க. ரிங்கு தெறிச்சா ஆளு காலி" என்று சித்தப்பாவிடம் சொல்லியனுப்பினார்.

வீட்டை ஒட்டிய காலி மனையில் வாடகைக் கம்பரஸரை வைத்து, மீட்டரைப் பார்த்துப் பார்த்துச் சித்தப்பா காற்றடித்தார். சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கியதும் டயர் கீழ்ப்பக்கம் பிதுங்கி நின்றது. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னடா, காத்தே இல்ல. தொப்ப தள்ளிட்டு நிக்குது."

"ரேடியல்னா அப்படித்தாண்ணே. தொப்ப இருக்குன்னு உங்களுக்குக் காத்தா அடிக்கறோம்?"

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. சித்தப்பா சாப்பிடப் போனதும் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "தார ஏத்திட்டுப் படுகையில எறங்கறப்ப வண்டி சாஞ்சுட்டா? உள்ள இருக்கறது இவந்தானே." என்னிடம் சொன்னாரா, டயரிடம் சொன்னாரா தெரியாது. கம்பரஸரைப் போட்டார். தொப்பை அடங்கும்வரை அடித்தார். நாங்கள் பார்த்துப் பழகிய பழைய டயர் மாதிரி அது விறைத்து நின்றதும்தான் அவர் முகம் தெளிந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

சித்தப்பா ஏப்பம் விட்டபடி வந்து, நட்டுகளை இன்னொரு தடவை முறுக்கச் சக்கரத்தின் முன்னால் குந்தினார். ஸ்பேனரை வைத்தவர் டயரைப் பார்த்தார். "அண்ணே, என்ன பண்ணீங்க?" என்று தலையைத் தூக்கினார். அப்புறம் சத்தம்தான். புழுதி அடங்கியபோது வளையம் சுவரோரம் கிடந்தது. சித்தப்பாவின் நெற்றி கிழிந்திருந்தது. வலது கை, கை மாதிரியே இல்லை.

ஆஸ்பத்திரியில் சித்தி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"யாரு காத்தடிச்சது? உங்க அண்ணனா? அப்படின்னா சொல்லிடுங்க. இனிமே அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

"நாந்தான். மீட்டரப் பாக்காம கூட அடிச்சுட்டேன். அண்ணன் வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு."

சித்தி அதற்கப்புறம்தான் அழுதாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அம்மாவின் புடவையை இழுத்து, "சித்தப்பாவுக்குத் தலையில அடிபட்டதுல எல்லாம் மறந்துபோச்சும்மா" என்று காதில் சொன்னேன். அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

அந்தக் கை பிறகு ஸ்டியரிங் பிடிக்கவில்லை. வண்டி போயிற்று. மறுவருஷம் என் பள்ளிக்கூடமும் போயிற்று. ஒரே அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சித்தப்பா இடது கையால் பிசைந்து சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடியே இருப்பார்.

அவர்கள் இரண்டு பேருக்காகவும் நான் கவலைப்பட்டேன். ராஜகோபுரம் கண்ணில் படும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சித்தப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட வேண்டும் என்றுதான் பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன்.