கன்னத்தில் உருட்டிய சக்கரம்

தொண்ணூறுகளின் நடுவில், பாறசாலை ஜங்ஷனில் இருந்த ஒரு பெண்கள் தையல் கடையில் சில வருஷம் வேலை பார்த்தேன். கடையை நடத்தியவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முன்னறையில் வெட்டும் மேசையும் நிலைக்கண்ணாடியும். அளவு கொடுக்க வருகிறவர்கள் அங்கேதான் நிற்பார்கள். பின்னறையில் நானும் இன்னும் இரண்டு பெண்களும் தைத்து முடிந்த பிளவுசுகளுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருப்போம். அக்காவின் கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். அதை யார் கையில் கொடுக்கிறாரோ அவளுக்குத்தான் பிறகு வெட்டவும் கற்றுக்கொடுப்பார். வெட்டத் தெரியாதவள் கிழவியாகும்வரை ஹூக் வைக்க வேண்டியதுதான். எனக்கு அந்த டேப் வேண்டும். வேறு எதன் மேலும் அப்போது எனக்கு அத்தனை ஆசை இருந்ததாக ஞாபகமில்லை.

என் முகம் அந்நாளில் பரு முகம். பரு காய்ந்த இடமெல்லாம் குழி. கஸ்தூரி மஞ்சள் பூசியாயிற்று, ரக்தசந்தனம் இழைத்துப் பூசியாயிற்று. பூசியிருக்கும்வரை முகம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும். கழுவினால் பழைய குழி பழைய இடத்தில் இருக்கும்.

ஒருமுறை டேப் என் கைக்கு வந்தது. ஓணத்துக்கு முந்தைய கூட்டம், அக்காவுக்குக் கை ஓயவில்லை. "இந்தா பிள்ளே, அவங்களுக்கு அளவெடு" என்று என்னிடம் நீட்டினார். நெய்யாற்றின்கரையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள். நான் தோளில் டேப்பை வைத்ததும் அவர் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "மோளே, இது பகருந்நதாணோ?" என்று கேட்டார். தொற்றுமா என்று கேட்கிறார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பிளவுசுக்குப் பகராது. நல்ல மனசு உள்ளவங்களுக்கும் பகராது" என்றேன். அக்கா மேசையைச் சுற்றி வந்து டேப்பை என் கையிலிருந்து வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். "நீ உள்ள போய் ஹூக் வை மக்கா, மதி" என்றார். அளவெடுத்தது போதுமாம். உள்ளே போனேன். இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு முன்னறைக்கு ஆசைப்பட்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊரான கொல்லயிலில் பக்கத்து வீட்டுக்காரி, தினமும் ரயிலேறித் திருவனந்தபுரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலைக்குப் போகிறவள். சர்ச் விட்டு வரும்போது அவளிடம் கேட்டேன்.

"குழிக்கு இப்ப புதுசா ஒரு வைத்தியம் உண்டு," என்றாள். "ஊசிய வச்சுக் குத்திக் குத்தி ரத்தம் வரப் பண்ணுவாரு. உள்ளேருந்து புதுத் தோலு வந்து நிரம்பும். ஆனா நமக்குக் கட்டாது கேட்டியா."

ஊசி என்றதும் எனக்குக் கடையில் கிடந்த டிரேசிங் வீல் ஞாபகம் வந்தது. மரக் கைப்பிடி, அதன் முனையில் ஊசி ஊசியாகப் பல் வைத்த ஒரு சின்னச் சக்கரம். துணிமேல் கார்பன் தாளை வைத்து, அதன்மேல் அளவு வரைந்த பேப்பரை விரித்து, கோட்டோடு சக்கரத்தை உருட்டினால் துணியில் வரிசையாக நீலப் புள்ளி விழும், டார்ட்டுக்கு மடித்துத் தைக்க வேண்டிய அடையாளம். டாக்டர் ஒவ்வொரு குத்தாகக் குத்துவதை இது ஒரே ஓட்டத்தில் குத்திவிடும். எனக்கு என் மூளையைப் பற்றிப் பெருமையாகவே இருந்தது.

சனிக்கிழமை அதைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாள் மத்தியானம் சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து உள்ளே போட்டேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

"எட்டி, அடுப்புல என்னத்த வேக வைக்கே?"

"சக்கரம்."

"நல்லா வேகட்டு," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

கண்ணாடி முன்னால் நின்று இடது காதடியிலிருந்து வாய் ஓரம்வரை அழுத்தி உருட்டினேன். பிறகு அதற்குக் கீழே இன்னொரு வரி. வலி பெரிதாக இல்லை என்று எழுதினால் பொய். கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொண்டு மறுபடி உருட்டினேன். வலது கன்னத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்தேன். அந்த மட்டுக்காவது புத்தி இருந்தது.

கன்னம் பலாச்சுளைபோல வீங்கியது. காய்ச்சல் என்று கடைக்குச் சொல்லியனுப்பினேன். வீக்கம் வற்றி, பொருக்கு உதிர்ந்ததும் பார்த்தால், குழிகள் அப்படியே இருந்தன. அவற்றின் ஊடே இரண்டு வரிசையாக நீலப் புள்ளிகள். சோப்பு போட்டேன், தேங்காயெண்ணெய் போட்டேன், மண்ணெண்ணெய்கூடப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. வருஷக்கணக்கில் கார்பன் தாளில் ஓடிய சக்கரம் அது. பல்லிடுக்கில் அப்பியிருந்த கார்பன் மெழுகு கொதிநீரில் உருகிப் பல்லெல்லாம் பூசிக்கொண்டதுதான் மிச்சம். அன்று உட்கார்ந்து அழுதேன். டேப் இனி இந்த ஜென்மத்தில் இல்லை என்றுதான் அழுதேன்.

கடைக்குத் திரும்பிப் போனதும் அக்கா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"எட்டி, இது நாம டார்ட்டுக்குப் போடுத புள்ளியில்லா?"

மற்ற இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "பின்ன என்ன செய்ய? முன்ன நிக்கணும்னா முகம் வேணுமில்லா? அன்னைக்கு அந்தம்மா என் முகத்தைச் சொன்னதுக்குத்தானே டேப்பைப் பிடுங்கினிய?" என்று கத்தினேன்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"உன் முகத்த யாருட்டி பாத்தா? இங்க வாறவ கண்ணாடியில அவ முகத்தையாக்கும் பாப்பா. பகருமான்னு கேட்டாங்க, இல்லைன்னு ஒரு சொல்லு சொன்னா மதி. நீ என்ன சொன்னே? அவங்க பிறகு இந்தப் படி ஏறினாங்களா? நீ அந்த வீல நாக்குல உருட்டியிருந்தா அப்பவே உனக்கு டேப்பைத் தந்திருப்பேன்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லா?"

"சொன்னா நீ விடுவியா? அதுக்கும் ஒரு பதில் சொல்லுவே."

அதற்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது, நல்ல பதில். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பின்னறைக்குப் போய் ஊசியில் நூல் கோத்தேன். டேப் கைக்கு வர அடுத்த ஓணம் ஆகிவிட்டது. அதுவரை வாயை மூடிக்கொண்டு ஹூக் வைத்தேன். கன்னத்தில் சக்கரம் உருட்டியபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.