தில்லையம்மாளின் கொழிஞ்சி வயல்

தில்லையம்மாள் பயிர் வைத்த வயல் எவ்வளவு இறுகிப் போயிருந்தது என்று கேட்டால் ஒன்று சொல்வேன். ஒரு நாள் அவள் புருஷன் பூவராகவன் ஓட்டிவந்த வண்டியிலிருந்து ஒரு தேங்காய் அந்த வயலில் விழுந்தது. விழுந்த தேங்காய் எகிறிப் போய் ஐயம்பேட்டையில்தான் நின்றது. நம்பாதவர்கள் ஐயம்பேட்டையில் விசாரித்துக்கொள்ளலாம். அதைத் துவையல் அரைத்துச் சாப்பிட்ட வீடுகூட எனக்குத் தெரியும். சரி, தேங்காயில் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பேன். மண்ணில் கூட்டவில்லை. ஏர் இறக்கினால் கொழு தெறித்தது.

வயல் செவிலிமேட்டுக்குத் தெற்கே, பாலாற்றுக்குப் போகும் வண்டித்தடத்தை ஒட்டி இருந்தது. சொந்தக்காரர் ஆதிகேசவன், காஞ்சிபுரத்தில் பட்டு ஜவுளிக்கடை வைத்திருந்தவர். தில்லையம்மாளும் பூவராகவனும் வாரத்துக்குப் பயிர் செய்தார்கள். விளைந்ததில் பாதி அவருக்கு, பாதி இவர்களுக்கு. அவர்கள் குடியிருந்த குடிசையும் அந்த வயலின் மூலையில்தான் இருந்தது. வயல் கையை விட்டுப் போனால் தலைக்கு மேல் கூரையும் போகும்.

அறுபதுகளின் கடைசி அது. குட்டை ரக நெல் வந்த புதிது. வெள்ளை உரத்தைத் தூவினால் போதும் என்று ஆனதும், தழையும் தொழுவுரமும் வண்டி கட்டிக் கொண்டுவந்து கொட்டிய வழக்கம் ஊரில் நின்றுபோயிற்று. முதல் சில அறுவடைகள் அமோகம். அந்த வைக்கோல் போரின் மேல் ஏறி நின்றால் காமாட்சியம்மன் கோபுரக் கலசத்தில் காக்கை உட்கார்ந்திருப்பது தெரியும் என்பார்கள். நான் ஏறிப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு உர மூட்டை கூடக் கூட விளைச்சல் குறைந்தது. பெய்த மழை உள்ளே இறங்காமல் மேலாக ஓடி வரப்பைத் தாண்டிப் போயிற்று. மண்புழு என்று ஒன்று இருந்ததையே பிள்ளைகளுக்கு நான் பள்ளிக்கூடத்தில் படம் போட்டுக் காட்டவேண்டி வந்தது.

ஊருக்கு வந்த கிராம சேவகர் சணப்பு விதை கொடுத்தார். நெல் அறுத்த கையோடு ஈரத்தில் விதைத்துவிட வேண்டும். கோடை வெயில் மண்ணைச் சுடாமல் செடி மூடிக்கொள்ளும். பூ எடுக்கும்போது மடக்கி உழுதால் மண்ணுக்கு உயிர் திரும்பும் என்றார். சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் மாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தை அறுவடை முடிந்தால் மறுபடி நாற்று விடும்வரை வயல்கள் ஊருக்குப் பொது. வரப்பு, சொந்தம், எல்லை எதுவும் அப்போது கிடையாது. எல்லார் மாடும் எல்லார் வயலிலும் மேயும். பாட்டன் காலத்து ஏற்பாடு. அதை மீறி அறுத்த வயலில் பச்சையாக ஒன்றை வளர்க்க நினைத்தவள் அந்த ஊரில் இவள்தான் முதல்.

பக்கத்து வயல்காரன் வேலாயுதம் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தபோது இவள் குச்சியோடு நின்றாள்.

“இன்னா அண்ணி, அறுத்த வயல்ல காவலு? தாளு மறுபடி கதிர் வுடப் போவுதா?”

“சணப்பு போட்டுக்கிறேன் தம்பி. பூக்கற வரிக்கும் மாட்டை அந்தாண்ட ஓட்டு.”

“யாரு தின்றதுக்கு?”

“மண்ணு தின்றதுக்கு.”

“மண்ணுக்குப் போடுவ, வாயில்லாத ஜீவனுக்குப் போட மாட்ட. போன வருசம் உன் மாடு என் வயல்ல மேஞ்சிக்கினு இருந்துச்சே, நான் குச்சி எடுத்துக்கினு நின்னனா?”

அவன் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது.

வயலைச் சுற்றி முள் வெட்டிப் போட்டாள். காய்ந்த முள்ளை அடுப்புக்கு ஆகும் என்று யாரோ இழுத்துப் போனார்கள். கூழை வரப்பிலேயே குடித்துக்கொண்டு காவல் இருந்தாள். செடி முழங்கால் உயரம் வந்திருந்த சமயம் பூவராகவனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. வண்டியில் போட்டுக் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது வயல் மொட்டையாக இருந்தது. ஒரு இலை இல்லை. மாடுகள் தண்டைக்கூடக் கடித்துவிட்டு, நடுவில் சாணி போட்டுவிட்டுப் போயிருந்தன.

அவள் அழவில்லை. வரப்பில் உட்கார்ந்து வெறும் குச்சியால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் வேலாயுதம் ஒரு சொம்புப் பாலோடு வந்தான்.

“சணப்பு தின்ன மாடு, நல்லா கறந்துச்சு அண்ணி. அண்ணனுக்குக் காய்ச்சிக் குடு.”

கேலிக்குச் சொல்லவில்லை, மனசாரத்தான் கொண்டுவந்தான். அந்தச் சொம்பை அவன் தலையில் கவிழ்க்கலாமா என்று அவள் யோசித்தாள். உள்ளே புருஷன் அனத்திக்கொண்டிருந்தான். வாங்கிக் காய்ச்சிக் கொடுத்தாள்.

அடுத்த தையில் கதிரில் பாதி பதராக வந்தது. களத்துமேட்டுக்கு வந்த ஆதிகேசவன் ஒரு பிடி அள்ளி ஊதினார். கையில் மிஞ்சியது பல் குத்தக்கூடப் பற்றாது.

“தில்ல, இனிமே இந்த மண்ணுல நெல்லு இல்லம்மா. செங்கல்லாவது அறுக்கலாம். சூளைக்காரன் கலியன் கேட்டுக்கினு இருக்கான். ஆவணில வந்து மண்ணு பாத்துட்டுப் பேசி முடிச்சிடுவான்.”

“மொதலாளி, இன்னொரு போகம் பாருங்க. மண்ண நான் தேத்திடறேன்.”

“நோயாளியாம்மா அது, தேத்தறதுக்கு?”

“ஆமா மொதலாளி. நோயாளிதான்.”

அவர் சிரித்துவிட்டு ஜட்காவில் ஏறிக்கொண்டார்.

சணப்பு பறிபோன அந்தக் கோடை முழுக்க தில்லையம்மாள் ஒரு காரியம் செய்திருந்தாள். ஊர் மாடுகளின் பின்னாலேயே நடந்தாள். ஏரிக்கரை, சுடுகாட்டு ஓரம், ஆற்றங்கரை, எங்கே மேய்ந்தாலும் இவள் வாய் பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் காய்ச்சல் அவள் தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நானும் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கேட்டேன்.

“மாட்டுக்கு இன்னா புடிக்கும்னு எல்லாரும் பாக்கறாங்க டீச்சரம்மா. அதுக்கு இன்னா புடிக்காதுன்னு நான் பாக்கறேன்” என்றாள்.

எல்லாப் பச்சையும் தீர்ந்து புழுதி பறந்த ஏரிக்கரையில் ஒரு குத்துச்செடி மட்டும் ஊதாப் பூவோடு நின்றது. கொழிஞ்சி. பசி எடுத்த மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு, சம்பந்தி வீட்டில் மரியாதை கிடைக்காதவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிற்று. ஒரு செடியைப் பிடுங்கப் பார்த்தாள், வரவில்லை. கடப்பாரை போட்டு நெம்பியதில் ஆணி மாதிரி ஆழத்துக்கு இறங்கிய வேர், அதில் சின்னச் சின்ன முடிச்சுகள். அது எத்தனை அடி நீளம் என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், சொல்லவில்லை. காய் வெடிப்பதற்கு முன்னால் முந்தானையில் பறித்துப் பறித்து விதை சேர்த்தாள்.

“மாடே தின்னாத செடிய மண்ணு தின்னுமா?” என்றான் பூவராகவன். காய்ச்சலுக்குப் பிறகு அவனுக்கு உழவில் பிடிப்பு விட்டுப்போயிருந்தது. “பேசாம டவுனுக்குப் பூடலாம். தறிக்காரங்ககிட்ட பாவு நீட்டற வேலையாச்சும் கெடைக்கும்.”

“நீ போ. நான் இங்க இருந்து பாக்கறேன்.”

ஆதிகேசவன் ஆவணி என்று கெடு வைத்துவிட்டுப் போன அதே வாரத்தில், ஈரம் காய்வதற்குள் கொழிஞ்சியை விதைத்தாள். ஒன்றும் முளைக்கவில்லை. மாசி போயிற்று, பங்குனி போயிற்று, வயல் வழுக்கைத் தலை மாதிரி வெயிலில் மின்னியது. வறுத்து விதைத்தாயா என்று பூவராகவன் கேட்டான். அவள் வயலில் குந்தி மண்ணைக் கிளறிப் பார்த்தாள். போட்ட விதை போட்டபடி, ஊறாமல் உப்பாமல், குறுமிளகு மாதிரி கிடந்தது. அன்றைக்குத்தான் அவள் உடைந்து போனாள். மாடும் கெடுக்கவில்லை, மனிதரும் கெடுக்கவில்லை, மண்ணே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அவளுக்குப் பட்டது. ஏரிக்கரைக்குப் போய் அந்தக் கொழிஞ்சியைப் பார்த்து, “உனக்கு மட்டும் எப்பிடிடி?” என்று சத்தம் போட்டுக் கேட்டாளாம்.

கேட்கப் போன இடத்தில்தான் பார்த்தாள். கரையின் மேட்டில் குஞ்சுச் செடி ஒன்றுகூட இல்லை. வண்டிச் சக்கரம் விதையை மணலோடு போட்டு அரைத்த தடத்தில் மட்டும் வரிசையாக முளைத்திருந்தது. விதையின் தோல் அவ்வளவு கெட்டி. அது தேய்ந்தால்தான் தண்ணீர் உள்ளே போகும்.

வீட்டுக்கு வந்து மீதி விதையை ஆற்றுமணலோடு உரலில் போட்டு, நொறுங்காமல் பதமாகக் குத்தினாள். “மணலக் குத்தி சோறாக்கறா பாரு” என்று தெரு சிரித்தது. சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. அந்த ஈரத்தில் மறுபடி விதைத்தாள். இந்தத் தடவை முளைத்தது. மாடுகள் வந்தன, முகர்ந்தன, போயின. வேலாயுதம்கூட நின்று பார்த்துவிட்டு, “நல்லாத்தான் ஏமாத்திட்ட அண்ணி” என்றான்.

ஆடி மழையில் மடக்கி உழுதார்கள். அரைகுறையாகப் புதைந்ததை அவள் காலாலேயே மிதித்து அமுக்கினாள். அழுகின நாற்றம் ஊருக்கே வந்தது. மண் கொஞ்சம் கறுத்தது. மழைத்தண்ணீர் வரப்பைத் தாண்டாமல் உள்ளே இறங்கியது. ஆனால் இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்? ஆவணி வந்தது. ஆதிகேசவன் கலியனோடு வந்தார்.

“மொதலாளி, மண்ணப் பாருங்க. கறுத்துக்கினு வருது. இந்தப் போகம் மட்டும் நட வுடுங்க.”

“கறுத்தா இன்னா, செவந்தா இன்னா? பேச்சு முடிஞ்சிபோச்சும்மா. கலியா, நீ பாரு.”

குடிசையில் பூவராகவன் பாயையும் சட்டி பானையையும் கட்டத் தொடங்கியிருந்தான்.

கலியன் வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு பிடி மண்ணை எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தான். உருட்டினான். உருண்டை நடுவில் விட்டுக்கொண்டது. பிட்டுப் பார்த்தான், உள்ளே கறுப்புக் கறுப்பாக வேர், தண்டு, நார்.

“இது ஆவாது மொதலாளி. நார் சூளைல எரிஞ்சா கல்லு ஓட்ட ஓட்டயாப் பூடும்.”

“மேல் மண்ண வாரிப் போட்டுட்டு அடில எடேன்.”

“வாரிப் போட கூலி நீங்க குடுக்கறீங்களா?” கலியன் கையை உதறிவிட்டுப் பக்கத்து வயலில் இறங்கி ஒரு கட்டியை உடைத்தான். “இத்தப் பாருங்க. ஒரு வேர் இல்ல, ஒரு புழு இல்ல. சுத்தமாச் செத்த மண்ணு. கல்லு பட்டு மாதிரி வரும்.”

அது வேலாயுதத்தின் வயல்.

வேலாயுதம் சந்தோஷமாகவே கொடுத்தான். “மண்ணுதான போவுது அண்ணி, நெலம் அங்கியேதான இருக்கும்” என்றான். ஆதிகேசவனோ வேறு வழியில்லாமல் தில்லையம்மாளை நட விட்டார். தையில் அவள் அறுத்தது பழைய அமோகத்துக்குப் பக்கத்தில்கூட வராது; ஆனால் பதர் இல்லை. கட்டின பாயை அவிழ்த்துப் போட்டார்கள்.

அதே மாசியில் பக்கத்தில் வெட்டத் தொடங்கினார்கள். வேலாயுதம் கொடுத்ததைப் பார்த்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருந்தவர்களும் கொடுத்தார்கள். ஆனி வருவதற்குள் தில்லையம்மாளின் வயல் மட்டும் மேடாக நின்றது, மூன்று பக்கமும் ஆளை மூழ்கடிக்கும் பள்ளம். ஏரித் தண்ணீர் வந்த கால்வாய் வேலாயுதத்தின் வயல் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அது பள்ளத்தோடு போயிற்று. நெல் இனி நினைக்கவே முடியாது. மழையை நம்பிக் கேழ்வரகு போட்டாள்.

ஐப்பசியில் அடை மழை பிடித்தது. விடிந்து எழுந்து பார்த்தால், வயலின் ஒரு ஓரம் பள்ளத்துக்குள் சரிந்து கிடந்தது. அவள் மிதித்துப் புதைத்த கறுப்பு மண், கேழ்வரகுப் பயிரோடு, சேற்றுத் தண்ணீருக்கு மேலே ஒரு குவியலாக நின்றது. மீதி ஓரமும் விரிசல் விட்டிருந்தது.

தில்லையம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர். மண்ணை வாரிக் கூடையில் போட்டு, தலையில் வைத்து, வழுக்கி வழுக்கி மேலே ஏறிக் கொட்டினாள். மறுபடி இறங்கினாள். மேலே கொட்டினதில் பாதி மழையில் கரைந்து அவள் பின்னாலேயே இறங்கி வந்தது.

பூவராகவன் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு விளிம்பில் நின்றான்.

“வுட்டுட்டு மேல வாமே. பூரா வயலும் இப்பிடித்தான் போவப் போவுது. எத்தினியத்தான் வாருவ?”

அவள் நிமிரவில்லை. கூடையைத் தூக்க முயன்றாள். இந்தத் தடவை அது தலைக்கு ஏறவில்லை. முழங்கால் வரை சேற்றில் புதைந்து, கூடையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மழை அதிலிருந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் புடவையில் இறக்கிக்கொண்டிருந்தது.

“கெட்டியாப் புடிச்சிக்கோ” என்றான் பூவராகவன். கோணிப்பையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கிக்கொண்டு இறங்கி, கூடைக்கு இந்தப் பக்கம் கை கொடுத்தான்.