மீன் வண்டியின் மஞ்சள் விளக்கு

2013 ஆவணி மாதம். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் நாங்கள் மீன் வியாபாரம் செய்துகொண்டிருந்தோம். வளைகுடாவில் பல வருஷம் டிரெய்லர் ஓட்டிவிட்டு வந்த என் கணவர், ஒரு டீசல் வேன் வாங்கி, பின்சீட்டுகளைக் கழற்றிப்போட்டு மீன் பெட்டி ஏற்றும் வண்டியாக்கியிருந்தார். கருங்கல் சந்தைக்கு அதில்தான் மீன் போகும். பக்கத்து சீட்டில் நான்.

வண்டி கொஞ்ச நாளாகவே சரியில்லை. நன்றாக ஓடும்போதே திடீரென்று இழுவை போய் வெட்டி வெட்டிப் போகும். வெயிலில் சூடானால் நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டுச் சாவி போட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். டீசல் ஃபில்டர் மாற்றினார், பேட்டரி மாற்றினார். நாலு நாள் ஒழுங்காக ஓடும், அப்புறம் பழைய கதைதான். ஸ்டியரிங்குக்கு முன்னால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிவதும் அணைவதுமாக இருந்தது.

"இது என்னத்துக்கு எரியுது? வொர்க்‌ஷாப்புல ஒருக்கா காட்டுங்களேன்" என்றேன்.

"செவப்பு எரிஞ்சாத்தாம்ட்டி பயப்படணும். பாலைவனத்துல வண்டி ஓட்டுனவனுக்கு நீ கிளாஸ் எடுக்காத."

அவர் போகாத காரணம் எனக்கும் தெரியும். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்க நாகர்கோவிலில் வண்டியை விட்டுவிட்டு வரவேண்டும். கடலில் சாளை மீன் அள்ளி அள்ளிப் படுகிற நேரத்தில் வண்டியை யார் கொண்டுபோய் விடுவார்கள்? மீன் நமக்காகக் காத்துக் கிடக்குமா?

பிறகு ஒருநாள் பார்த்தால், அந்த விளக்கைக் காணோம். மீட்டர் கண்ணாடியில் சின்னதாக ஒரு மாதா ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மனுஷன் என் பேச்சைக் கேட்டு எங்கேயோ காட்டிச் சரிசெய்துவிட்டார், படமும் ஒட்டியிருக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். தினமும் ஏறியதும் கையை நீட்டி அதைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துகொள்வேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், கடலுக்குப் போயிருந்த என் அண்ணனைக் கரையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். நங்கூரக் கயிறு சுற்றி இறுக்கி, வலது கை மணிக்கட்டுக்குக் கீழே நசுங்கிப் போயிருந்தது. துண்டை இறுக்கிக் கட்டினோம். மீன் பெட்டிகளை இறக்கி எறிந்துவிட்டு அந்த ஈரத்திலேயே அண்ணனைப் படுக்கவைத்து நாகர்கோவிலுக்கு விரட்டினார் என் கணவர். வெள்ளிச்சந்தை தாண்டி ஓர் ஏற்றத்தில் வண்டி வெட்டியது, அப்படியே நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பத் திருப்ப இன்ஜின் சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை. "எம் மாதாவே, எம் மாதாவே" என்று நான் எட்டி அந்த ஸ்டிக்கரை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வியர்வைக் கையோடு அது உரிந்து வந்துவிட்டது. அதற்கு அடியில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்கவில்லை. "பாவி மனுஷா, இத மறைக்கவா மாதாவ ஒட்டுனீரு?" என்று கத்திவிட்டேன்.

பின்னால் கிடந்த அண்ணன்தான் முனகினார். "ஏட்டி மக்கா, அவன ஏசாத. எறங்கி நின்னு கையக் காட்டு."

ரத்தத்தைப் பார்த்ததும் வேகமெடுத்துப் போன வண்டிகளும் உண்டு. கடைசியில் கல்யாணத்துக்குப் போகிற ஒரு கார் நின்றது. பட்டுச் சேலை கட்டியிருந்த ஒரு அம்மா, "ஏத்துங்க மக்கா, சேலயக் கழுவிக்கிடலாம்" என்று சொல்லி, அண்ணன் தலையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். அவர் யார், எந்த ஊர் என்று கேட்கக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள். அந்த 'ஒருவேளை'யை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் அழுதேன் என்று எனக்கே தெரியாது.

வொர்க்‌ஷாப்பில் என் சீட்டுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டி மாதிரி ஒன்றைக் கழற்றினார்கள். "இது ஈசிஎம். இன்ஜினுக்கு மூள இதுதான். மீன் பெட்டிலேருந்து உப்புத்தண்ணி வடிஞ்சு உள்ள அரிச்சுப்போட்டு. வெட்டுனது, சூட்டுல நின்னது எல்லாம் இதுக்க கோளாறுதான். லைட்டு எரிஞ்சிருக்குமே, பாக்கலியா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"பாத்தேன்" என்றார் என் கணவர்.

இன்றுவரை அண்ணன் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது சந்தைக்கு எங்களோடுதான் வருகிறார். வண்டி புறப்படும்போது அண்ணன் இடது கையால் சிலுவை போட்டுக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம், காவலுக்கு இருக்கவேண்டிய மாதாவை ஒரு விளக்கை மறைக்க வைத்துவிட்டோமே என்று இன்றும் எனக்கு உறுத்துகிறது.