தெருவுக்குள் போகாத ஆட்டோ

திண்டுக்கல் நாகல் நகரில் என் வீட்டு வாசலிலிருந்து ஆலங்கரைப்பட்டித் தரைப்பாலம் இருபத்தெட்டு கிலோமீட்டர். இந்தத் தூரத்தைக் கடக்க எனக்குப் பதினோரு வருடம் பிடித்தது. நடுவில் அஜ்மீர் போயிருக்கிறேன், நாகூருக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன், மகன் தயவில் மக்காவுக்கும் போய் உம்ரா முடித்து வந்திருக்கிறேன். எங்கே போய்வந்தாலும் நாலு பேரைப் பிடித்து உட்கார வைத்துக் கதை சொல்வது என் வழக்கம். இந்தப் பயணத்தை வாயால் சொல்லத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

காலை 9.10-க்குக் கிளம்பினேன். செம்பட்டியில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் பொய் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ அறுபது ரூபாய். சித்தையன்கோட்டை பஸ் 9.40-க்கு எடுத்தார்கள், டிக்கெட் இருபத்து மூன்று ரூபாய். பக்கத்தில் கறிவேப்பிலை மூட்டையோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். மூட்டையைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். அவர் நகர்த்தாமல் என் முகத்தையே பார்த்தார்.

"பாய், ஒங்க குரல எங்கயோ கேட்டுருக்கேனே."

"கேட்டுருப்பீங்க" என்றேன்.

"நகைக்கடை தெறப்பு விழா, அனைவரும் வருக வருகன்னு... அது நீங்கதானே?"

நான்தான். குழாய் ஸ்பீக்கரைத் தலையில் கட்டிய விளம்பர ஆட்டோ வைத்திருந்தேன். முப்பது வருடம் இந்த வட்டாரத்தில் எந்தக் கடை திறந்தாலும், எந்த சர்க்கஸ் கொட்டகை போட்டாலும், என் குரல்தான் முன்னால் போகும். முன்பெல்லாம் இப்படி யாராவது அடையாளம் கண்டுகொண்டால் மீசையைத் தடவிக்கொள்வேன். அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பாதை மோசமான ஊராக இருந்தால் உள்ளே போக மாட்டோம். ஊருக்கு வெளியே மேடாக ஓர் இடம் பார்த்து வண்டியை நிறுத்தி, குழாயை ஊர்ப்பக்கம் திருப்பி, இரண்டு தடவை சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவோம். எல்லாரும் செய்வதுதான். நகைக்கடை திறப்பு நாலு பேர் காதில் விழாவிட்டால் யார் குடி முழுகிவிடும்?

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்கால மாலை, கண்மாய் மதகைத் திறக்கப் போகிறார்கள், ஓடையில் வெள்ளம் வரும், யாரும் தரைப்பாலத்தைக் கடக்கக் கூடாது என்று ஏழு ஊர்களுக்குச் சொல்லத் தாலுகா ஆபீசிலிருந்து என்னை அனுப்பினார்கள். ஆறு ஊரில் தெருத்தெருவாகத்தான் போனேன். ஏழாவது ஊர் ஆலங்கரைப்பட்டி. ஊருக்குள் போகும் மண்பாதை சேறாகிக் கிடந்தது. எனக்குப் பசி வேறு. மேட்டில் நிறுத்தி, குழாயைத் திருப்பி, இரண்டு தடவை சொன்னேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. பிறகு, ஏழு ஊரிலும் தெருத்தெருவாக அறிவிப்புச் செய்தேன் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் விடியுமுன் மல்லிகைப் பூ எடுக்கப் பெண்களை ஏற்றிக்கொண்டு போன வேனை வெள்ளம் தரைப்பாலத்தோடு வாரிக்கொண்டு போனது. ஆறு பெண்கள் இறந்தார்கள். வேன் ஓட்டிய செல்வமும் இறந்தார்.

எச்சரித்தார்களா, இல்லையா என்று பெரிய தகராறு நடந்தது. மறியல் செய்தார்கள், விசாரணையும் நடந்தது. கடைசியில் என் கையெழுத்துத்தான் ஜெயித்தது. எச்சரிக்கையை மீறி வண்டியைத் தண்ணீரில் இறக்கியவர் செல்வம் என்று முடிவாகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. ஜெயிலுக்குப் பயந்தேன், மகளுக்கு நிச்சயம் செய்திருந்தேன். இதெல்லாம் காரணம் என்று அப்போது நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் பள்ளிவாசல் ஹஜ்ரத், மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதனிடம்தான் தீர்க்க வேண்டும், எத்தனை உம்ரா போனாலும் கழியாது என்று பேசினார். பொதுவாகத்தான் பேசினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

10.50-க்குச் சித்தையன்கோட்டை. ஒரு டீ பன்னிரண்டு ரூபாய். ஆலங்கரைப்பட்டிக்கு மினி பஸ் மதியம்தான் என்றார்கள். நூற்றைம்பது ரூபாய்க்கு ஓர் ஆட்டோ பேசினேன். ஓட்டியவருக்கு நாற்பது வயது இருக்கும். இருபக்கமும் நெல் கதிர் வாங்கி நின்றது, அதற்கு அப்பால் தென்னந்தோப்பு, தூரத்தில் மலை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த அழகைப் பார்க்கவே எனக்கு என்னவோபோல் இருந்தது.

"தரைப்பாலத்துல என்ன சோலி பாய்?" என்று கேட்டார்.

"அந்த நினைவுக் கல்லைப் பார்க்கணும்."

"கல்லு வெடிச்சுப் போச்சு. பொங்கலுக்கு அப்புறம் புதுக் கல்லு வைக்கப் போறாக. அதுல அந்த டிரைவர் பேரையும் சேருங்கன்னு அவரு பொண்டாட்டி நடையா நடக்குது. ஊருல ஒத்துக்க மாட்டேங்குறாக. எப்புடி ஒத்துக்குவாக? ஆட்டோக்காரன் மைக்குல தெருத்தெருவா வந்து கத்திட்டுப் போயிருக்கான். அம்புட்டுச் சொல்லியும் ஆறு பொம்பளைகள ஏத்திட்டு ஒருத்தன் போவானா?"

என் பொய்யை இன்னொருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னைவிட நன்றாகச் சொன்னார்.

11.35-க்கு இறங்கினேன். பழைய பாலம் இருந்த இடத்தில் கைப்பிடிச் சுவரோடு உயரமாகப் புதுப்பாலம் கட்டியிருக்கிறார்கள். 'வெள்ள அபாய அறிவிப்பை மீறிப் பாலத்தைக் கடக்காதீர்' என்று மஞ்சள் பலகை. அதன் கீழே இடுப்பளவு உயரத்தில் கருங்கல், குறுக்கே ஒரு விரிசல். ஆறு பெயர்கள், வயதோடு. ஆகச் சின்னவளுக்குப் பத்தொன்பது. ஓர் அம்மாள் தேங்காய் நாரால் கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"யாரு நீங்க? ஆபீசுலருந்து வாரீகளா?"

"இல்லம்மா, சும்மா பாக்க வந்தேன்."

"சும்மா யாரு பாய் இங்க வருவா" என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்த்தார். உங்கள் வீட்டார் பெயர் இதில் இருக்கிறதா என்று கேட்டேன். "இல்ல. நான் செல்வம் சம்சாரம். முத்துலட்சுமி. எம் புருசன் பேரு இதுல இல்ல. அவரோட போனவுக பேரு இருக்குல்ல, அதான் வாராவாரம் கழுவுறேன்."

நான் பக்கத்துக் கட்டையில் உட்கார்ந்தேன். கேட்காமலே அவர் பேசினார்.

"மழை தகரத்துல அடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. எங்காதுல ஒரு சத்தமும் விழல. விசாரிக்க வந்தவுககிட்ட அப்புடியேதான் சொன்னேன். தெருத்தெருவாச் சொன்னதா எழுத்துல இருக்கேம்மான்னாக. மொதல்ல ஊருல ஒருத்தருமே கேக்கலன்னுதான் சொன்னாக. அப்புறம் ஒருத்தரு லேசாக் கேட்டாப்புல இருக்குன்னாரு. இப்ப அம்புட்டுப் பேரும் கேட்டாகளாம்."

நாரைப் பிழிந்து வைத்தார். "இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு பாய். நானும் கேட்டுட்டு அவருகிட்டச் சொல்ல மறந்துட்டேனோன்னு. நாலரைக்கு வண்டி எடுக்கையில நான்தான் டீ போட்டுக் குடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருக்க மாட்டாருல்ல?"

மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டேன்.

"அந்த ஆட்டோ நான்தாம்மா. ஊருக்குள்ள நான் வரவே இல்லை" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். "எங்க நிறுத்துனீக?" என்றார். கையைக் காட்டினேன். மேடு அங்கிருந்தே தெரிந்தது. அவர் மேட்டைப் பார்த்தார், பிறகு ஊரைப் பார்த்தார். நடுவில் அரை கிலோமீட்டர் வயல்.

"அப்ப எங்காதுல விழுந்துருக்காது."

"விழுந்திருக்கவே முடியாதும்மா."

"நான் மறக்கல."

"மறக்கலம்மா. கேட்டாத்தானே மறக்க."

இதையே இன்னும் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் சொன்னேன். அவர் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அழவில்லை. "ஏழு உசுரு பாய். பதினோரு வருசமா எங்க இருந்தீக?" என்றார். இருபத்தெட்டு கிலோமீட்டரில்தான் இருந்தேன். நான் நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது.

"எந்திரிங்க. இத எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? ஊருக்குள்ள வந்து சொல்லுங்க."

அன்று சேறு என்று நான் தவிர்த்த பாதை இப்போது தார்ச்சாலை. நடந்து போக எட்டு நிமிடம்தான் ஆனது. டீக்கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். கல்லில் முதல் பெயர் யாருடையதோ அந்தப் பெண்ணின் அப்பா பெருமாளும் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருடம் ஊர் ஊராகக் கத்திய தொண்டை, ஒரு டீக்கடைக்குள் கேட்கும் அளவுக்குக்கூட எழும்பவில்லை.

பெருமாள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "இல்ல பாய். நீங்க தெருவுக்குள்ள வந்தீக. பச்சை ஆட்டோ. எங்க வீட்டு முன்னால நின்னுதான் சொன்னீக. நானே செல்வத்துக்கிட்டச் சொன்னேன், தண்ணி வருதாம்டான்னு. பாத்துக்கலாம் மாமான்னான்."

"என் ஆட்டோ மஞ்சள் ஐயா."

"பச்சை" என்றார். "இந்தப் புள்ள அழுது கூப்பிட்டுருக்கும், எரக்கப்பட்டு வந்து பேசுறீக."

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு அப்படித்தான் தெரிகிறது. மகளைப் பறிகொடுத்தவருக்கு வெறுக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது என் கையெழுத்து செல்வத்தைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. பதினோரு வருடம் ஒருவனை வெறுத்துப் பழகிய மனுஷனிடம் போய், அந்த ஆள் இல்லை, நான்தான், மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

முத்துலட்சுமி சண்டை போடவில்லை. கடைக்காரரிடம் நோட்டில் ஒரு தாள் கிழித்து வாங்கி என் முன்னால் வைத்தார். "எழுத்துலதானே போச்சு. எழுதிக் குடுங்க."

எழுதினேன். என் பெயர், அத்தா பெயர், விலாசம். அன்று நான் ஆலங்கரைப்பட்டி ஊருக்குள் போகவில்லை, போனதாகப் பொய்யாகக் கையெழுத்துப் போட்டேன், செல்வம் எந்த எச்சரிக்கையையும் மீறவில்லை. பெருமாள் தாளைத் தொடவில்லை. கடைக்காரர் சத்தமாகப் படித்துவிட்டு, "கூட்டத்துல வச்சுப் பேசுவோம்" என்றார். இதற்காக என் மேல் வழக்கு வரலாம். வந்தால் வரட்டும் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் பயமாகத்தான் இருக்கிறது.

2.45 மினி பஸ்ஸுக்கு முத்துலட்சுமி ரோடு வரைக்கும் கூட வந்தார். வழியனுப்ப வந்தாரா, நான் ஓடிவிடாமல் இருக்க வந்தாரா என்று தெரியவில்லை. இதற்கு முன் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும், பார்த்தாயிற்று என்ற திருப்தி கொஞ்சமாவது இருக்கும். இங்கே பார்க்க ஒரு கல், பேச ஏழெட்டுப் பேர். ஒன்றும் முடிந்தபாடில்லை.

"ஞாயித்துக்கெழம ஊர்க்கூட்டம். வந்து சொல்லுங்க" என்றார்.

"நம்ப மாட்டாங்களேம்மா."

"நம்ப மாட்டாக. அதுக்கடுத்த கூட்டத்துக்கும் வாங்க."

பஸ் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்தபடி, "என்னை மன்னிச்சிரு தாயி" என்றேன். என் வயதில் பாதி இருப்பார்.

"அத அப்புறம் பாப்போம்" என்றார். "மொதல்ல அவரு பேரு ஏறட்டும்."

கூட்டம் காலை பத்து மணிக்கு. திண்டுக்கல்லிலிருந்து முதல் பஸ் 6.15-க்கு இருக்கிறது.