கயிறுவெட்டி

பினாங்கின் பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்த்த கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், எனக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. முகத்துக்கு நேரே ‘சேஃப்டி சார்’. முதுகுக்குப் பின்னால் ‘கயிறுவெட்டி’. தொழிற்சாலைக்குள் நுழையும் வாசலில் ஒரு கத்தரிக்கோலைத் தொங்கவிட்டிருந்தேன். உள்ளே கம்பி சுற்றும் மெஷின்கள் வரிசை வரிசையாக ஓடும். தொங்கும் எதையும் அவை இழுத்துக்கொள்ளும். அதனால் சங்கிலி, வளையல், கோயில் கயிறு எதுவானாலும் வாசலிலேயே கழற்ற வேண்டும், கழற்ற முடியாததை வெட்ட வேண்டும். கத்தரிக்கோலை யாரும் தூக்கிப் போய்விடக் கூடாதென்று அதை ஒரு கயிற்றில்தான் கட்டி வைத்திருந்தேன். அதைப் பார்த்து ஒருவரும் சிரித்ததில்லை. சிரித்தால் அதற்கும் ஒரு விதி எழுதிவிடுவேன் என்ற பயமாக இருக்கலாம்.

அங்கே வெட்டுப்பட்ட கயிறுகளில் ஒன்று என் மனைவியுடையது. அப்போது அவள் என் மனைவி இல்லை, மூன்றாம் வரிசையில் ஆப்பரேட்டர். சிவப்புக் காப்புக் கயிறு, இடது மணிக்கட்டில்.

“சார், நாப்பத்தெட்டு நாள் கட்டியிருக்கணும். இன்னிக்கு இருபத்தி நாலுதான் ஆவுது. சட்டைக் கைக்குள்ள விட்டுக்கறேன் சார்.”

“சாமி வேற, சேஃப்டி வேறம்மா. கயித்த வெட்டு, இல்ல வீட்டுக்குப் போ.”

அவளே கத்தரிக்கோலை எடுத்து வெட்டினாள். வெட்டிய கயிற்றைச் சுருட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. நான் என் படிவத்தை எடுத்து நிரப்பினேன். நான்கு கட்டங்கள். பெயர், வரிசை எண், பொருள்: கயிறு, நடவடிக்கை: அகற்றப்பட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பசியாறப் போய்விட்டேன்.

நான் பேசிய விதம் சரியில்லை என்று அவள் மேலிடத்தில் புகார் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேன்டீனில் போய்க் கேட்டேன். ஒரு தடவை கேட்டது போதாதென்று அடுத்த வாரமும் கேட்டேன். இரண்டு வருடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. புகாரை மட்டும் அவள் இன்னும் திரும்பப் பெறவில்லை.

போன வருடம் ஓய்வு பெற்றேன். விதி போட ஆளில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது எத்தனை கொடுமை என்று எனக்குத்தான் தெரியும். அடுப்பங்கரையில் எண்ணெய்ச் சட்டியின் கைப்பிடி வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதைச் சுட்டிக்காட்டிப் பார்த்தேன். “ஏங்க, போயி வேற எங்கயாச்சும் சேஃப்டி பாருங்க லா” என்று துரத்திவிட்டாள். கைத்தொலைபேசியில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் மரக்கட்டையை மெஷினில் சுழலவிட்டு, உளியை லேசாகக் காட்டுவார்கள். மரம் வெண்ணெய்போல் சுருண்டு விழும், கடைசியில் ஒரு கிண்ணம் வரும். அதற்குப் பெயர் மரம் கடைதல் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பிடித்தது கிறுக்கு.

பாலத்துக்கு அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் ஒருவர் பழைய கடைசல் மெஷின் விற்பதாகக் கேள்விப்பட்டு நானும் மனைவியும் போனோம். நல்ல மெஷின். பூங்கா வேலிக்குப் பூசும் பச்சை நிறம், ஒரு முழ நீளம். “ஏன் விக்கிறீங்க?” என்று கேட்டேன். அந்த மனிதர் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். பாதி விரல்தான் இருந்தது. முறை தெரியாத ஆள் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டு மெஷினைக் காரின் பின்பக்கம் ஏற்றினேன்.

பாலம் தாண்டித் தீவுக்கு வந்தோம். வீட்டு வாசலில் இறங்கும்போது மனைவி சொன்னாள். “அந்த வெரல பாத்தேன். உங்க கையில ஒரு சொட்டு ரத்தம் பாத்தேன்னு வச்சுக்குங்க, மறுநாளே இது பழைய பேப்பர் லோரியில ஏறிடும்.”

“முப்பது வருசம் ஆயிரம் பேரோட கைய பாத்துக்கிட்டவன்மா நான்.”

“அது ஊரான் கை. இது என் கை” என்றாள். அவள் பிடித்துக் காட்டியது என் வலது கையை.

முதலில் அவளுக்கு ஒரு சப்பாத்திக் கட்டை கடைந்து தருவதாக அறிவித்தேன். “லிட்டில் இந்தியாவுல கட்டுக் கட்டா தொங்குதே” என்றாள். தொங்கட்டும். அது கடைச் சரக்கு.

மெஷினைக் கார் நிறுத்துமிடத்தின் மூலையில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் பொருத்தினேன். சுவரில் மூன்று மொழியில் விதிகளை அச்சடித்துப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டினேன். தலைப்பு, ‘பாதுகாப்பே முதல்’. ஒன்று, முகக் கவசம். இரண்டு, தொளதொளப்பான உடை கூடாது. மூன்று, கையுறை கூடாது, சுழலும் மெஷின் கையுறையோடு கையையும் இழுக்கும். நான்கு, கையில் கயிறு, வளையல், கடிகாரம் கூடாது. ஐந்தாவதாக, சந்தேகம் இருந்தால் நிறுத்து. படித்துப் பார்த்தால் எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

இனி விதிகளை எழுதிய மகானைப் பாருங்கள். இடுப்பில் கைலி. மேலே சட்டை கிடையாது. சட்டையே இல்லாதவனுக்குத் தொளதொளச் சட்டை ஏது என்பது என் வாதம். முகக் கவசத்துக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், கண்ணாடியை இறக்கிவிட்டால் போதும். தூசிக்குக் கோவிட் காலத்து முகமூடி, வீட்டில் இன்னும் நான்கு பெட்டி கிடக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி தினமும் வேலிக்கு மேல் எட்டிப் பார்ப்பான். “அண்ணே, ஹெல்மெட்லாம் போட்டுக்கிட்டு கைலியோட எங்க கெளம்பிட்டீங்க?” ஒரு நாள் கேட்டால் பரவாயில்லை. நாசமாய்ப் போக, தினமும் கேட்டான்.

வாசலில் ப்ளக் கிடையாது. நீள ஒயரை அடுப்பங்கரை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு அங்கிருந்த ப்ளக்கில் சொருகினோம். சுவிட்ச் மனைவியின் பக்கம், மெஷின் என் பக்கம். நான் ‘ஆன்’ என்று கத்தினால் போடுவாள், ‘ஆஃப்’ என்றால் நிறுத்துவாள். நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருப்பாள். மெஷினிலேயே அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. ஆனால் நான் மூலையில் நெருக்கிப் பொருத்தியதில் அது சுவர்ப் பக்கம் போய்விட்டது. அமுக்க வேண்டுமென்றால் சுழலும் கட்டைக்கு மேலாகக் கையை நீட்ட வேண்டும். கிலாங்கில் எவனாவது இப்படி வைத்திருந்தால் அன்றைக்கே எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருப்பேன்.

“நான் ‘ஆஃப்’னு சொல்லாம சுவிட்சுல கை வைக்கக் கூடாது. புரியுதா?”

“சரிங்க சார்” என்றாள். அவள் என்னை ‘சார்’ என்று கூப்பிட்டால் நல்லதற்கில்லை.

பாலிக் புலாவிலிருந்து ஒரு நண்பர் சாய்ந்துபோன ஜாதிக்காய் மரத்தின் துண்டு கொடுத்திருந்தார். முதல் நாள், கட்டையை இரண்டு முனைக்கும் நடுவில் மாட்டினேன். பின்முனையை இறுக்க மறந்துவிட்டேன். ‘ஆன்’ என்றதும் கட்டை கிளம்பி என் காதோரம் பறந்து செருப்பு அலமாரியை உடைத்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. “பாத்தியா, இதுக்குத்தான் ஹெல்மெட்” என்று பெருமையாகச் சொன்னேன்.

அவள் கையைக் கழுவினாள், சேலை மாற்றினாள், என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போனாள்.

“சாமி, இவரு மெஷின்ல கை வைக்கிறாரு. ஒரு காப்புக் கயிறு கட்டி விடுங்க.”

குருக்கள் என் வலது மணிக்கட்டில் சிவப்புக் கயிற்றைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார். இப்போது வருவது நூல் கயிறு இல்லை. பளபளவென்று நைலான் மாதிரி ஒன்று, இழுத்தால் அறாது. முடிச்சுக்குக் கீழே இரண்டு வால் ஆளுக்கு மூன்று அங்குலம் தொங்கியது. நான் வாயைத் திறந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

“என்னங்க? கத்திரிக்கோல் வேணுமா?”

குருக்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு முப்பது வருடமும் விளங்கியது. தட்டில் தட்சணை வைத்தேன்.

“நாப்பத்தெட்டு நாள்” என்றாள் திரும்பி வரும் வழியில். “பாதுகாப்புன்னு செவுத்துல ஒட்டியிருக்கீங்களே, அதுலயே காப்பு இருக்கு, படிச்சுப் பாருங்க.”

அத்தோடு நிற்கவில்லை. மெஷினுக்குக் குங்குமம் வைத்தாள். எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து, சுவரில் ஏற்கெனவே இருந்த ஆணியில் மாட்டினாள். அது என் விதிகளின்மேல் வந்து தொங்கியது. மூன்றாம் விதி தெரிந்தது, ஐந்தாம் விதி தெரிந்தது, நான்காம் விதி மிளகாய்க்குப் பின்னால் போய்விட்டது. நகர்த்தி மாட்டலாம். நகர்த்தவில்லை. ஊருக்கெல்லாம் வெட்டியவன், அவள் கட்டியதை வெட்டு என்று சொல்லத் துணியவில்லை. பயம்தான், வேறென்ன. கயிற்றின் வாலை ஒரு ரப்பர் வளையத்தில் சொருகிக்கொண்டு, இதுவும் ஒரு முறைதான் என்று எனக்கே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

நாலு வாரத்தில் கட்டை ஓரளவு உருண்டு வந்தது. அன்று காலை கடைசி வேலை, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. ‘ஆன்’ என்று கத்தினேன். தாளை வலது கையில் பிடித்து, கட்டையின் இடது ஓரம்வரை கொண்டுபோனேன். அங்கேதான் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் பல் வைத்த முனை சுழல்கிறது. ரப்பர் வளையம் எப்போது நழுவியதோ தெரியாது.

ஒரு வால் பல்லில் மாட்டியது. அடுத்த கணம் என் மணிக்கட்டு என்னுடையதாக இல்லை. கயிறு சுற்றச் சுற்றக் கை கீழே போனது. விரல் முட்டிகள் கட்டையில் தட்தட்தட் என்று அடிபட்டன. கயிறு அறவில்லை. சிவப்புப் பொத்தானைப் பார்த்தேன், அது கட்டைக்கு அந்தப் பக்கம் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. கெப்பாலா பத்தாஸ்காரரின் பாதி விரல் கண்முன் நின்றது. ‘ஆஃப்’ என்ற ஒரே சொல்லைத்தான் சொல்ல வேண்டும், அந்தச் சொல் வரவில்லை. ஹெல்மெட்டுக்குள், முகமூடிக்குள், “அம்மா!” என்றுதான் கத்தினேன். அதுவும் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மெஷின் நின்றது.

உத்தரவில்லாமல் சுவிட்சில் கை வைத்திருந்தாள். வைத்ததோடு ப்ளக்கையும் பிடுங்கி எறிந்திருந்தாள். பிறகு சொன்னாள், நாலு வாரமாக அவள் நெத்திலியைப் பார்த்துத் தலை கிள்ளியதே இல்லையாம், என் கையைப் பார்த்துக்கொண்டே கிள்ளினாளாம். குழம்பில் ஏன் அத்தனை தலை வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

மீன் வெட்டும் கத்தரிக்கோலோடு ஓடி வந்தாள். செருப்புக்கூடப் போடவில்லை. என் கை மெஷினோடு கட்டுண்டு கிடந்தது. நான் ஹெல்மெட்டைத் தூக்கினேன். அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருந்ததா?

“இன்னும் நாப்பத்தெட்டு ஆவலியே, வெட்டலாமா?”

“சாமி வேற, சேஃப்டி வேற!” என்று கத்தினாள். வெட்டினாள். வெட்டிவிட்டு என் தோளில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். “நான்தான கட்டி வுட்டேன், நான்தான கட்டி வுட்டேன்” என்று அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. மணிக்கட்டைச் சுற்றி ஒரு சிவப்புத் தடம், முட்டியில் இரண்டு இடத்தில் தோல் உரிந்து ரத்தம்.

லோரி ஞாபகம் வந்து கையை ஒளிக்கப் பார்த்தேன். அவள் பிடுங்கி முந்தானையால் துடைத்தாள்.

“ரத்தமில்ல. கயித்துச் சாயம்” என்றாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு மெஷினைத் திருப்பி வைக்கச் சொன்னாள், சிவப்புப் பொத்தான் என் பக்கம் வந்தது. எலுமிச்சம்பழத்தைக் கழற்றி வாசல் நிலையில் மாட்டினாள். மிளகாய் போன இடத்தில் நான்காம் விதி பளிச்சென்று தெரிந்தது. தூணில் ஒரு கத்தரிக்கோலைத் தொங்கவிட்டாள், கயிற்றில்தான். இப்போதெல்லாம் நான் மெஷினுக்குப் போகும்முன் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய்ச் சுவிட்சைப் போடுவாள்.

கை வீக்கம் வடிந்தபின் ஒரு சாயங்காலம் அந்தக் கட்டையில் சப்பாத்தி தேய்த்தாள். கட்டை ஒரு பக்கம் பருமன், ஒரு பக்கம் ஒல்லி. சப்பாத்தி பினாங்குத் தீவின் வரைபடம்போல வந்தது. நான் மேசையருகே உட்கார்ந்து மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தேன். என்னவோ தோன்றிக் கேட்டேன்.

“அன்னிக்கு கிலாங்கு வாசல்ல ஒன்னோட கயித்த வெட்ட வச்சேனே. அது எதுக்குக் கட்டுனது?”

கட்டையை நிறுத்தாமல் சொன்னாள்.

“நல்ல புருசன் கெடைக்கணும்னு கட்டுனது. பாதியிலயே வெட்ட வச்சிட்டீங்க. பாதிதான் கெடச்சுது.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். முப்பது வருடத்தில் ஒருநாள்கூட நான் அதைக் கேட்டதில்லை. என் படிவத்தில் இருந்தது நான்கு கட்டம்தான், ‘எதற்கு’ என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை.