புது மாடல் வரட்டும் என்றார் பஷீர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், போன் அடிக்கிறது. துபாயிலிருந்து பஷீர்!

பாலக்கரையில் எங்கள் தெருவுக்கே எங்கள் வீட்டு போன்தான் பி.பி. நம்பர்; யாருக்கு வந்தாலும் நாங்கள்தான் கூப்பிட்டுக் கொடுப்போம். அடுத்த வீட்டு நூர்ஜஹானின் கணவர் பஷீர், துபாயில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. வருகிற பெருநாளைக்கு வருவதாக ஏற்பாடு. நூர்ஜஹான் வீட்டுக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்கெல்லாம் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டாள்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே மகள் ஷமீமா. எட்டு வயது. புருஷன் பெண்டாட்டி பேசும்போது நமக்கென்ன வேலை? நாகரிகமாகச் சமையலறைக்குப் போனேன். நான்தான் போனேன்... காது ஹாலிலேயே நின்றுவிட்டது. என்ன செய்ய?

கேட்டதெல்லாம் "ம்...", "சரிங்க...", மறுபடி "ம்..." கொஞ்ச நேரத்தில் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சரக்கா, ஜாய்ஸ்டிக்னா என்னக்கா?"

அவள் சொல்லச் சொல்லத்தான் விஷயம் புரிந்தது. புத்தூரில் நூர்ஜஹானின் தங்கை வீட்டில் ஒரு டி.வி. கேம் இருக்கிறது. டி.வி.யில் மாட்டி, ஜாய்ஸ்டிக் என்கிற குச்சியை ஆட்டினால் திரையில் ராக்கெட் ஓடும், சுடும், வெடிக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்த ஷமீமா, போன தடவை போனில் அத்தாவிடம் எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டுவிட்டாள். பெற்ற மனசு கேட்குமா? மறுநாளே பஷீர் கடைக்குப் போயிருக்கிறார்.

கடைக்காரன் ஒன்றை எடுத்து வைத்தான். வைத்தவன் சும்மா இருந்தானா? ஆறு மாதம் பொறுத்தால் புது மாடல் வருகிறது, அதன் படத்துக்கு முன்னால் இதெல்லாம் வெறும் புள்ளிதான் என்று வேறு சொல்லிவிட்டான்.

போயிற்று, தூக்கம் போயிற்று பஷீருக்கு. இந்தப் பழசைக் கொண்டு வந்து இறங்கினால், அங்கேயே வேலை பார்க்கும் அடுத்த தெரு சலீம் ஆறு மாதம் கழித்துப் புதுசோடு இறங்குவானாம். ஊரில் மானம் என்ன ஆவது? அதனால் லீவையே ஆறு மாதம் தள்ளிப் போட்டுவிடலாம் என்று முடிவு. கம்பெனியிலும் பேசியாயிற்று. வந்தால் புது மாடலோடுதான் வருவாராம்!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

இது ஒரு வியாதி, தெரியுமா? எங்கள் வீட்டுக்காரருக்கும் உண்டு. அடுத்த வருஷம் நல்லதாக ஒரு ஸ்கூட்டர் வரப்போகிறது என்று சொல்லிச் சொல்லியே, இன்றைக்கும் ஜங்ஷனுக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார். புதுசு வரத்தான் செய்யும். அது வந்த அன்றைக்கே அதைவிடப் புதுசு வரப்போகிறது என்று கடைக்காரன் சொல்லத்தான் செய்வான். அவன் பிழைப்பு அது. நம் பிழைப்பு என்ன... நின்று வேடிக்கை பார்ப்பதா?

ஸ்கூட்டராவது பரவாயில்லை. பஸ் இருக்கிறது. அப்பாவுக்குப் பதிலாக எதில் தொங்குவது? ஷமீமாவுக்கு முன்பல் ஆடிக்கொண்டிருந்தபோது பார்த்துவிட்டுப் போனவர் பஷீர். இப்போது அவள் எட்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள்.

ரிசீவரைப் பிடுங்கி நானே நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஹாலுக்கு வந்தேன். கையை நீட்டினேன். நூர்ஜஹான் தரவில்லை. அவள் ரொம்ப மெதுவாகப் பேசினாள்.

"ஏங்க... அதைக் கொண்டாந்து எதுல மாட்டுவீங்க? நம்ம வீட்டுலதான் டி.வி.யே இல்லியே."

உண்மைதான். போன லீவில் டி.வி. வாங்கக் கிளம்பிய பஷீர், ரிமோட் வைத்தது வருகிறதாம், அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு திரும்பிவிட்டார். ஷமீமா இன்றுவரை டி.வி. பார்ப்பது எங்கள் ஹாலில்தான்.

நான் சிரித்துவிட்டேன். நூர்ஜஹான் சிரிக்கவில்லை.

"அவ மெஷினைப் பாத்து ஆசைப்படலைங்க. தங்கச்சி மாப்பிள்ளை அவரு பொண்ணைப் பக்கத்துல உக்கார வச்சு, ஆளுக்கு ஒரு குச்சியைப் பிடிச்சிக்கிட்டு ஆடினாரு. அதைப் பாத்துட்டு வந்துதான் உங்ககிட்ட கேட்டா."

அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. லைன் கட்டாகிவிட்டதா, அவரே வைத்துவிட்டாரா... அதுவும் தெரியாது. நூர்ஜஹான் ரிசீவரை வைத்துவிட்டு, போயிட்டு வரேன்கா என்று கிளம்பினாள். ஷமீமா மட்டும் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் வாசலில் டாக்ஸி. பஷீர்! கையில் அந்தப் பழைய மாடல் டி.வி. கேம்.

எங்கள் ஹாலில் மாட்டினார்கள். அத்தாவும் மகளும் ஆளுக்கொரு குச்சி. பஷீரின் ராக்கெட் கிளம்பின உடனே வெடிக்கிறது. ஷமீமா தலையில் அடித்துக்கொள்கிறாள். நூர்ஜஹான் கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

எங்கள் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஆறு மாதத்தில் இதைவிட நல்லது வரப்போகிறதாமே, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று ஆரம்பித்தார்.

பஷீர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வரட்டும் சார். அது வர்றப்ப நான் இங்க இருக்க மாட்டேன்."

ஷமீமா, "அத்தா, பேசாம ஆடுங்க" என்று அதட்டினாள்.

தெருவில் உள்ளவர்களுக்கு ஓர் அறிவிப்பு: பஷீர் லீவு முடிகிற வரை எங்கள் வீட்டில் டி.வி. செய்தி கிடையாது. வேறு வீடு பார்த்துக்கொள்ளவும்.